மொழியே எல்லையான நிலம்

நுழையும்முன்

ஐரோப்பாவின் தென்மேற்கில், பிரனீசு மலைத்தொடர் அட்லாண்டிக் கடலை நெருங்கும் மூலையில் பாஸ்க் மக்கள் வாழ்கின்றனர். அவர்களுக்கெனத் தனி நாடு இல்லை; தனி மொழி உண்டு. அந்நிலத்தைக் காணச் செல்லும் பயணி, மலையும் கடலும் மட்டுமன்றி, இரு பெருமொழிகளுக்கு நடுவே ஒரு சிறுமொழி உயிர் பிழைத்துவரும் வரலாற்றையும் காண்கிறார். தமிழ் பயில்வோர்க்கு அவ்வரலாறு பயனுடையது.

ஆறும் எல்லையும்

பிரான்சு நாட்டின் எந்தாய் நகருக்கும் ஸ்பெயின் நாட்டின் இரூன் நகருக்கும் இடையே பிதாசோவா என்னும் ஆறு ஓடுகிறது. ஆற்றின் நடுவே ஃபெசன்ட் தீவு என்னும் சிறு திட்டு ஒன்று உள்ளது. அதில் குடியிருப்பவர் எவருமில்லை. 1659ஆம் ஆண்டு இரு நாட்டு அரசர்களின் அமைச்சர்களும் இத்தீவில்தான் அமைதி உடன்படிக்கை செய்துகொண்டனர். இன்று இத்தீவு பிப்ரவரி முதல் சூலை வரை ஸ்பெயினுக்கும், ஆகஸ்டு முதல் சனவரி வரை பிரான்சுக்கும் உரியது. ஆண்டுக்கு இருமுறை நாடு மாறும் நிலம்! எல்லைக்கோடு என்பது எத்துணை மனிதக் கற்பனை என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆற்றின் இரு கரைகளிலும் தொன்றுதொட்டு வழங்கிவந்த மொழியோ ஒன்றே. தொனோஸ்தியா நகரிலிருந்து எந்தாய்க்கு வரும் சிறு தொடர்வண்டிக்கு ‘தோப்போ’ என்று பெயர். தோப்போ என்றால் அகழெலி. சுரங்கவழிகளுள் நுழைந்து நுழைந்து வருவதால் மக்கள் அதற்கு இட்ட செல்லப்பெயர் இது.

இம்மக்கள் தம் நிலத்தை ‘எவுஸ்கல் எரியா’ என்கின்றனர். எவுஸ்கரா என்பது அவர்களது மொழியின் பெயர். எனவே, எவுஸ்கரா மொழிக்குரிய நாடு என்பது இதன் பொருள். மரபாக இதில் ஏழு பகுதிகள் அடங்கும். நான்கு ஸ்பெயினிலும் மூன்று பிரான்சிலும் உள்ளன. பாஸ்க் மொழி பேசுபவரைக் குறிக்கும் ‘எவுஸ்கல்துன்’ என்னும் சொல்லுக்கு ‘எவுஸ்கராவை உடையவர்’ என்று பொருள். குருதி உறவாலோ குடியுரிமையாலோ பெயரிடாமல், மொழியை உடைமையாகக் கொண்டு மனிதரைச் சுட்டும் இச்சொல்லாட்சி எண்ணத்தக்கது.

எச்சே என்னும் வீடு

பாஸ்க் மொழிக்கு உறவுமொழி என எதுவும் நிறுவப்படவில்லை. ஐரோப்பாவில் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பரவுவதற்கு முன்பே அங்கு வழங்கிய மொழிகளுள் எஞ்சியது இதுவே என மொழியியலார் கருதுகின்றனர். ஆயினும், ஊர்ப்பலகைகளையும் கடைப்பலகைகளையும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் தமிழருக்கு இம்மொழியின் அமைப்பு வியப்பளிக்கும். ‘எச்சே’ என்றால் வீடு. ‘எச்செயான்’ என்றால் வீட்டில். ‘எச்செரா’ என்றால் வீட்டுக்கு. ‘எச்செத்திக்’ என்றால் வீட்டிலிருந்து. பிரெஞ்சும் ஸ்பானியமும் பெயருக்கு முன்னே தனிச்சொல்லை நிறுத்தி உணர்த்தும் பொருளைப் பாஸ்க் மொழி, தமிழைப் போலவே, பெயருக்குப் பின்னே உருபை ஒட்டி உணர்த்துகிறது. இயல்பான தொடரில் வினை இறுதியில் வருகிறது.

மற்றொரு செய்தியும் சுவையானது. ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது நம் இலக்கணம். ஆதலால் உரோமை, உருசியா என உயிரெழுத்தை முன்னிறுத்தி எழுதுகிறோம். பாஸ்க் மொழிக்கும் இதே இயல்பு உண்டு. அவர்கள் உரோமை நகரை ‘எர்ரோமா’ என்றும் உருசியாவை ‘எர்ருசியா’ என்றும் வழங்குகின்றனர். அரசனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கடன்பெற்றபோது அதனை ‘எர்ரெகே’ ஆக்கிக்கொண்டனர்.

இவற்றைக் கண்ட அளவில் தமிழும் பாஸ்க்கும் உடன்பிறந்த மொழிகள் என ஆர்வத்தால் முடிவுகட்டுவோர் உண்டு. அது பிழை. துருக்கியம், சப்பானியம் போன்றவையும் ஒட்டுநிலை மொழிகளே. உறவை நிறுவ, அடிப்படைச் சொற்களில் ஒழுங்கான ஒலி ஒப்புமை காட்டப்பெற வேண்டும். அத்தகைய சான்று இங்கில்லை. வேறுபாடுகளும் பெரியவை. ‘சிறுவன் வந்தான்’ என்னும் தொடரில் எழுவாய் ‘முத்திலா’ என நிற்கும். ‘சிறுவன் நூலை வாங்கினான்’ என்னும் தொடரிலோ அது ‘முத்திலாக்’ என உருபு ஏற்கும். செயப்படுபொருள் குன்றாவினைக்கு எழுவாயாகும்போது உருபு பெறுவதும் ஏனையிடத்துப் பெறாமையும் தமிழில் காணப்படாத நெறியாகும். எண்களை இருபது இருபதாகத் தொகுப்பதும் அவ்வாறே. இருபது ‘ஓகெய்’, நாற்பது ‘பெர்ரோகெய்’, அஃதாவது இரண்டு இருபது.

மலைச்சரிவுகளில் தனித்தனியே நிற்கும் பெரிய பண்ணைவீடுகள் பயணியின் கண்ணைக் கவரும். கீழ்த்தளம் கல்லாலும் மேல்தளம் மரச்சட்டங்களாலும் அமைந்தவை பல. சில கதவுகளில் காய்ந்த முட்செடிப் பூ ஒன்று அறையப்பட்டிருக்கும். ‘எகுஸ்கிலோரே’, அஃதாவது கதிரவன்பூ என்பது அதன் பெயர். தீயவை வீட்டினுள் நுழையாமல் அது காக்கும் என்பது பழைய நம்பிக்கை. பாஸ்க் மரபில் மனிதர் வீட்டுக்குப் பெயரிட்டதைக் காட்டிலும் வீடு மனிதருக்குப் பெயரிட்டதே மிகுதி. ‘எச்செபெரி’ என்றால் புதிய வீடு. அதிலிருந்து திரிந்து தோன்றிய ஊர்ப்பெயரே நவார் பகுதியிலுள்ள ‘ஷாவியெர்’. அவ்வூர்க் கோட்டையில் 1506ஆம் ஆண்டு பிறந்தவர்தாம் நாம் சவேரியார் என்று வழங்கும் பிரான்சிஸ் சேவியர். நம் ஊர்களில் சேவியர் என்றும் சவரிமுத்து என்றும் பெயர்கொண்டோர் எத்துணைப்பேர்! அவர்கள் அறியாமலேயே ஒரு பாஸ்க் வீட்டின் பெயரைச் சுமந்து வருகின்றனர்.

அவர் 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். மக்கள் பேசிய தமிழ் அவருக்குப் புரியவில்லை; அவர் பேச்சும் மக்களுக்குப் புரியவில்லை. பின்னர் எழுதிய மடலில் அவர் இவ்விடர்ப்பாட்டைக் குறிப்பிடும்போது, தம் தாய்மொழி பாஸ்க் என்பதை வெளிப்படையாகச் சொல்கிறார். இரு மொழியும் தெரிந்தோரைத் துணைகொண்டு மன்றாட்டுகளைத் தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். பாஸ்க் மொழியில் முதல் அச்சுநூல் வெளிவந்தது 1545இல்தான். பெர்னார்த் எச்செபாரே என்னும் குருவானவர் இயற்றிய அச்செய்யுள் நூல் போர்தோ நகரில் அச்சாயிற்று. தாய்மொழியில் ஓர் அச்சுநூலும் இல்லாத காலத்தில் புறப்பட்டு வந்தவர் தமிழைக் கற்க முயன்றார் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

கெர்னிகாவின் மரம்

பில்பாவோ நகரைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. இரும்புத்தாதும் கப்பல் தளங்களும் வளர்த்த அத்தொழில்நகரம் நலிவுற்றபோது, நெர்வியோன் ஆற்றங்கரையில் 1997இல் திறக்கப்பட்ட குகன்கெய்ம் அருங்காட்சியகம் அதற்குப் புதுப்பெயர் ஈட்டித்தந்தது. டைட்டானியத் தகடு போர்த்திய அக்கட்டடத்தை வடிவமைத்தவர் பிராங்க் கெரி. உலகப் பயணிகள் அதையே நாடிச் செல்கின்றனர். ஆயினும், ஆற்றின் கழிமுகத்தில் 1893 முதல் மக்களையும் வண்டிகளையும் தொங்கும் தொட்டிலில் ஏற்றி அக்கரை சேர்த்துவரும் பிஸ்காயா பாலமே அந்நகரின் உழைப்பைக் கூடுதலாக உணர்த்துவது. கப்பல்களின் வழியை மறிக்காமல் மக்கள் ஆற்றைக் கடப்பதற்கான எளிய, ஆனால் துணிவான தீர்வு அது.

பில்பாவோவிலிருந்து கிழக்கே சிறிது தொலைவில் கெர்னிகா உள்ளது. அங்குள்ள ஓக் மரத்தடியில்தான் பிஸ்காயா பகுதியின் ஊர்ப்பேராளர்கள் நூற்றாண்டுகளாகக் கூடி முடிவெடுத்தனர். ஆட்சியுரிமைகளை மதிப்பதாக அரசர்களும் அம்மரத்தடியில் சூளுரைக்க வேண்டியிருந்தது. இன்றும் தன்னாட்சிப் பகுதியின் தலைவர் அங்கேதான் உறுதிமொழி ஏற்கிறார். ஒரு மரம் பட்டுப்போனால் அதன் வழிவந்த கன்றை நடுகின்றனர். பழைய மரத்தின் அடிப்பகுதி தூண்கள் சூழ்ந்த சிறு மண்டபத்தில் காக்கப்படுகிறது.

1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, சந்தை நாள். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் பிராங்கோவுக்குத் துணைநின்ற செருமானிய, இத்தாலிய வானூர்திகள் அவ்வூரின்மீது குண்டுமழை பொழிந்தன. நகரின் பெரும்பகுதி எரிந்தழிந்தது. மரம் தப்பியது. அவ்வாண்டே பாரிசில் வாழ்ந்த பிக்காசோ தீட்டிய ‘கெர்னிகா’ ஓவியம் போரின் கொடுமையை உலகறியச் செய்தது. அவ்வோவியம் இன்று மத்ரீதில் உள்ளது. கெர்னிகாவில் இருப்பது ஓடுகளில் வரைந்து சுவரில் பதித்த படிமமே. ஊரார் பலர் மூல ஓவியம் தம்மூருக்கு வரவேண்டும் என்று நெடுங்காலமாகக் கேட்டுவருகின்றனர்.

போருக்குப்பின் வந்த பிராங்கோ ஆட்சியில் பள்ளி, அலுவலகம், பெயர்ப்பதிவு என எங்கும் பாஸ்க் மொழி விலக்கப்பட்டது. அந்நிலையில் எல்பிரா சிபித்ரியா என்னும் ஆசிரியை, தொனோஸ்தியா நகரில் வீட்டிலேயே சிறுவர்களைக் கூட்டிப் பாஸ்க் மொழியில் கற்பித்தார். மொழியை அழிவினின்றும் காத்தவர் யாவர் எனக் கேட்டால், புலவர்களுக்கும் தலைவர்களுக்கும் முன்பாக இவ்வாசிரியையைச் சொல்லத் தோன்றுகிறது. அத்தகைய முயற்சிகளிலிருந்து ‘இகாஸ்தோலா’ எனப்படும் பாஸ்க் வழிப் பள்ளிகள் பெருகின. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த வழக்குகளை இணைக்கும் பொதுவழக்கை மொழிக்கழகம் 1968இல் வகுக்கத் தொடங்கியது. 1979இல் தன்னாட்சிச் சட்டத்தால் ஸ்பெயினின் மூன்று பகுதிகளில் பாஸ்க் ஆட்சிமொழித் தகுதி பெற்றது.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைத்தலாகாது. 1959இல் தோன்றிய ஈட்டா என்னும் அமைப்பு ஆயுதவழியில் இறங்கியது. அதன் தாக்குதல்களில் எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2011இல் அது ஆயுதச் செயலை நிறுத்தி, 2018இல் கலைந்தது. ஒரே தெருவில் இழந்தோர் குடும்பமும் சிறை சென்றோர் குடும்பமும் வாழும் ஊர்கள் உள்ளன. உணவுமேசையில் கலகலப்பாகப் பேசுவோர் இப்பேச்சு எழுந்ததும் அமைதியுற்றால், பயணி அவ்வமைதியைக் கலைக்காதிருப்பதே பண்பாடு.

நொடியில் பிறக்கும் பாட்டு

ஆசுகவி என்பதை நாம் நூலில் படிக்கிறோம். பாஸ்க் நிலத்தில் அதனை இன்றும் அரங்கில் கேட்கலாம். ‘பெர்சோலாரி’ எனப்படும் பாவலர் மேடையில் நிற்பார். நெறியாளர் அங்கேயே ஒரு பொருளைத் தருவார்: “நீ ஒரு மீனவன், உன் மகன் கடலுக்கு வர மறுக்கிறான்” என்பது போன்ற சூழலாக அது அமையும். சில நொடிகள் அமைதி. பின்னர், மரபான மெட்டொன்றில், அசைக் கணக்கும் இயைபும் பிறழாமல் பாட்டு பிறக்கும். இசைக்கருவி இல்லை, கையில் ஏடும் இல்லை. இறுதி அடியை முதலில் மனத்துள் அமைத்துக்கொண்டு, அதனை நோக்கிப் பிற அடிகளைக் கட்டி வருவதே இக்கலையின் நுட்பம். முடிவு தெரிந்ததும் அவையோர் கடைசி அடிகளைச் சேர்ந்து பாடுவதும் உண்டு. நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பெரும்போட்டியின் இறுதிச்சுற்றைக் காணப் பல்லாயிரவர் கூடுகின்றனர். ஆடவரே வென்றுவந்த அப்போட்டியில் 2009இல் மையாலென் லுகான்பியோ வாகை சூடினார். அவ்வெற்றி பெற்ற முதல் பெண்மணி அவரே.

தெரிந்து தெளிவோம்: பாஸ்க் ஊர்த் திருவிழாக்களில் பெருங்கல்லைத் தூக்கித் தோளில் ஏற்றும் போட்டி நடைபெறும். பண்ணைவேலையிலிருந்து தோன்றிய விளையாட்டு இது. தென்தமிழக ஊர்களின் இளவட்டக்கல்லை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மொழிக்காக ஓடுவதும் அங்கு ஒரு வழக்கம். ‘கொர்ரிகா’ என்னும் தொடரோட்டம் 1980இல் தொடங்கியது. இரண்டாண்டுக்கு ஒருமுறை, இரவு பகல் நில்லாமல், மலையும் எல்லையும் கடந்து ஒரு கோல் கைம்மாறிச் செல்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டரையும் ஏதேனும் ஒரு பள்ளியோ கடையோ குடும்பமோ பணம் கொடுத்து ஏற்கிறது. அத்தொகை முதியோர்க்குப் பாஸ்க் மொழி கற்பிக்கச் செலவிடப்படுகிறது. கோலினுள் மடித்துவைத்த செய்தி, இறுதி ஊரை அடைந்த பின்னரே படிக்கப்படும்.

தன்னாட்சிப் பகுதியில் 1991இல் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் பாஸ்க் பேசினர். 2021இல் மூவரில் ஒருவர்க்கும் மேற்பட்டோர் பேசுகின்றனர். இவ்வளர்ச்சி பெரிதும் பள்ளியால் விளைந்தது. ஆனால், தெருவில் நின்று கேட்டால் பாஸ்க் மொழியில் நடைபெறும் உரையாடல் அவ்வளவிற்கு இல்லை. வகுப்பறையில் கற்ற மொழியை விளையாட்டிடத்தில் பிள்ளைகள் பேசுவதில்லை என்பதே அங்குள்ள ஆசிரியர்களின் கவலை. எந்தாய்க் கரையிலோ நிலை இன்னும் கடினம். பிரான்சில் பாஸ்க் மொழிக்கு ஆட்சித்தகுதி இல்லை. வட்டார மொழியையே முழுமையான பயிற்றுமொழியாகக் கொள்ளும் முறை அரசமைப்புக்கு முரணானது என 2021 மே மாதம் அந்நாட்டு அரசமைப்புக் கழகம் தீர்ப்பளித்தது. அதனை எதிர்த்துப் பயோன் நகரத் தெருக்களில் மாணவரும் பெற்றோரும் திரண்டனர். அப்பகுதி இகாஸ்தோலாக்களில் வகுப்புகள் தொடர்ந்து பாஸ்க் மொழியிலேயே நடைபெறுகின்றன.

கற்பவை கற்றபின்

1. உம் ஊர்ப்பகுதியில் வீட்டுப்பெயரோ ஊர்ப்பெயரோ குடும்பப்பெயராக வழங்குவதைக் கேட்டறிந்து எழுதுக.

2. ‘வீடு’ என்னும் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது அடையும் மாற்றத்தை ‘எச்சே’ என்னும் சொல்லோடு ஒப்பிட்டு வகுப்பறையில் விளக்குக.

3. வகுப்பறையில் கற்கும் மொழி விளையாட்டிடத்தில் பேசப்படாமைக்குக் காரணம் யாது? கலந்துரையாடுக.