முதலில் ரப்பரைப் பாருங்கள்

மாருதி 800 காரின் முன்பக்க சஸ்பென்ஷனில் ஒரு சிக்கனம் ஒளிந்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது கார் அதிகம் சாயாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பிதான், சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் செய்கிறது. கம்பியின் இரு முனைகளும் லோயர் ஆர்மின் துளைக்குள் புகுந்து, ரப்பர் புஷ்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். அந்த ரப்பர் தேய்ந்துவிட்டால் பிரேக்கை மிதிக்கும்போது சக்கரம் லேசாகப் பின்வாங்கும், கார் ஒரு பக்கமாக இழுக்கும், குழியில் இறங்கினால் ‘டக்’கென்று சத்தம் கேட்கும்.

சத்தம் கேட்டவுடன் பெரும்பாலானவர்கள் மெக்கானிக்கிடம் சொல்வது, “ஷாக் அப்சார்பர் போயிடுச்சு போல, ரெண்டையும் மாத்திடுங்கண்ணே” என்பதுதான். புது ஷாக் அப்சார்பர் வரும், பணம் போகும், சத்தம் அப்படியே இருக்கும்.

என் வீட்டில் ஒரு 800 வெகுகாலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் நண்பர்களின் பழைய கார்களுக்கும் சாமான் வாங்க அலைந்ததில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: பழைய வண்டியில் முதல் செலவு ரப்பருக்கு, அடுத்தது லோயர் ஆர்மைச் சக்கரத்தின் பக்கம் இணைக்கும் பால் ஜாயிண்டுக்கு, அதன் பிறகுதான் ஷாக் அப்சார்பருக்கு. சோதித்துப் பார்த்ததில் வேறு ஏதாவது தெரிந்தால் மட்டுமே இந்த வரிசை மாறலாம்.

முதல் மாருதி 800 சாவி கைமாறியது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். ஆக, கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. ரப்பர் ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை. வெயில், எஞ்சின் சூடு, கசியும் ஆயில், காற்றிலுள்ள ஓசோன் எல்லாம் சேர்ந்து அதை இறுக்கி வெடிக்க வைக்கின்றன. “கிலோமீட்டர் கம்மிதான் சார்” என்று பழைய கார் விற்பவர் சொல்வது எஞ்சினுக்கு நல்ல செய்தியாக இருக்கலாம். ஷெட்டில் கிடந்த வண்டியின் புஷ்ஷுக்கு அது பொருந்தாது. கடையில் வாங்கும் புது புஷ்ஷுக்கும் இதே கணக்குதான். பாக்கெட்டில் தயாரிப்பு மாதம் அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். ஓடாத மாடலின் ரப்பர் அலமாரியிலேயே வருடக்கணக்கில் கிடந்திருக்கக்கூடும். நகத்தால் அழுத்தினால் உள்வாங்காமல் கல்லாக நிற்பதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் வேலை வேறு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். வண்டியின் எடையைச் சுமப்பது ஸ்பிரிங். அது துள்ளுவதை அடக்குவது ஷாக் அப்சார்பர். கார் ஒரு மூலையில் தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். வேகத்தடையைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர். டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தாலும் சந்தேகம் அதன் மேல்தான். ஷாக் அப்சார்பரின் உடலில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலே மாற்றச் சொல்லும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. அதற்கு அவசரப்பட வேண்டாம்; சீலுக்கு மசகாக இருக்கும் எண்ணெய் கொஞ்சம் வெளியே படிவது இயல்பு. சொட்டுச் சொட்டாக வழிந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

மாற்றுவதென்றால் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரே மாதிரி நிற்காது. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட்டைக் கழற்றும் கூலி எப்படியும் கொடுக்கப்போகிறோம். மேலே உள்ள மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றையும் அதே நாளில் மாற்றிவிடுவது லாபம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்னால் ‘கடக்’ என்று கேட்கும் சத்தம் பல வண்டிகளில் அந்த மவுண்ட் பேரிங்கிலிருந்துதான் வருகிறது.

எந்த பிராண்டு? கார் கம்பெனியின் பெட்டியில் வரும் சாமானைப் பெரும்பாலும் வேறொரு நிறுவனம்தான் செய்து தருகிறது. 1961 முதல் இயங்கும் கேப்ரியல் ஷாக் அப்சார்பரிலும், சென்னையின் ரானே மெட்ராஸ் பால் ஜாயிண்டிலும் ஸ்டீயரிங் பாகங்களிலும் அப்படிப்பட்டவை; தங்கள் பெயரிலும் வெளிச்சந்தையில் விற்கின்றன. ஸ்பேர்ஸ் கடையில் கார் பெயரை மட்டும் சொல்லிக் கேட்கக் கூடாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து, பார்ட் நம்பரைப் பிடித்து, பழைய சாமானையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே மாடலில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஸ்பிரிங் வேறாக இருக்கும். பிரேக் ஹோஸ் மாட்டும் கொக்கியால் இடது ஸ்ட்ரட் வலது பக்கம் சேராமல் போகும். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் ‘ஒரிஜினல்’ பெட்டியை நான் தொடுவதே இல்லை.

இன்னும் கெட்டியாக இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் பழைய கார்களை நிறையக் கெடுத்திருக்கிறது. ஸ்பிரிங் கம்பியின் தடிமன் பத்து சதவீதம் கூடினால், மற்ற அளவுகள் மாறாதபோது, அதன் இறுக்கம் ஏறக்குறைய 46 சதவீதம் கூடிவிடும். தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப இறுக்கம் ஏறுவதுதான் காரணம். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகினால் சில சுற்றுகள் வேலை செய்யாமல் நின்றுவிடுகின்றன, மீதிச் சுற்றுகள் கூடுதல் சுமையை வாங்குகின்றன. வண்டி உயர்ந்து நிற்பதைப் பார்த்து உரிமையாளர் மகிழ்வார். தளர்ந்த ஸ்பிரிங் தளர்ந்தபடியேதான் இருக்கும். பாலியூரிதேன் புஷ்ஷும் ஏறக்குறைய இப்படித்தான். ரப்பரைவிட நீடித்து உழைக்கும், ஸ்டீயரிங் கூர்மையாகும். ஆனால் சாலையின் அதிர்வை உள்ளே கொண்டுவரும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். வீட்டிலிருந்து அலுவலகம், மாதம் ஒருமுறை ஊர் என்று ஓடும் காருக்கு நல்ல ரப்பரே போதும்.

சென்னையில் புதுப்பேட்டை பக்கம் போனால் கழற்றிய சாமான் கிடைக்கும். உற்பத்தி நின்ற மாடல் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சந்தை ஒரு வரம். வளைவோ வெடிப்போ இல்லாத நக்கிள், கிராஸ் மெம்பர் போன்ற இரும்புச் சாமானை அங்கே தேடலாம். பழைய புஷ், பழைய பால் ஜாயிண்ட், ஆயில் நிரப்பிப் பெயிண்ட் அடித்த ‘ரீகண்டிஷன்’ ஷாக் அப்சார்பர் மூன்றும் வேண்டாம்.

நல்ல சாமானையும் மாட்டும் விதத்தில் கெடுத்துவிடலாம். லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுதாக இறுக்கினால், சக்கரம் தரையைத் தொட்டதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். எந்நேரமும் அந்த முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். கார் தன் எடையில் நின்ற பிறகே கடைசி இறுக்கு. ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்தால் கீறல் விழும், அந்தக் கீறல் சீலை அறுக்கும். ஸ்பிரிங் கம்பிரசர் போடாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. அப்படிச் செய்யும் கடையிலிருந்து வண்டியை எடுத்துவந்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட். 800-இல் முன்பக்கம் திருத்த முடிவது டோ, அதாவது சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பி நிற்கும் அளவு, மட்டும்தான். சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வான கேம்பர், திருப்பும் அச்சின் முன்பின் சாய்வான காஸ்டர் இரண்டுக்கும் திருத்தும் வழி கிடையாது. அலைன்மெண்ட் கடையில் தரும் அச்சுத் தாளில் அந்த இரண்டு எண்களும் இடதுக்கும் வலதுக்கும் ரொம்ப விலகியிருந்தால், லோயர் ஆர்மோ நக்கிளோ வளைந்திருக்கிறதா என்று மறுபடி பிட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.