பேர் ஒன்று, எஞ்சின் இரண்டு: வெர்னா டர்போ பற்றி ஒரு டார்க் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவன்)



தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய் வருகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை தெரிந்த இடம்தான். அங்குள்ள ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து 1998இல் சான்ட்ரோ வந்தது. அடுத்த வருஷமே அக்சென்ட் என்ற செடான் வந்தது. அதன் வாரிசாக 2006இல் வந்ததுதான் வெர்னா. 2011, 2017, 2020, 2023 என்று உருவம் மாறிக்கொண்டே வந்தாலும் பேர் மாறவில்லை. 2020 மாடல் டர்போ பெட்ரோல் வெர்னா வைத்திருக்கிறவர் 2023 மாடல் டர்போவுக்கு மாறினால் அவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

உனக்கு ஏன் இந்த அக்கறை என்று கேட்பீர்கள். என் அப்பா சேலையூரில் ஒருவரிடம் டிரைவர். ஓனர் வைத்திருப்பது 2020 டர்போ. மாற்றலாமா என்று அவர் அப்பாவிடம் அபிப்பிராயம் கேட்க, அப்பா அதை என்னிடம் கொண்டு வந்தார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். "மெக்கானிக்கல்தானே படிக்கிறே, கணக்குப் போட்டுச் சொல்லுடா. நூத்தி அறுபது குதிரைன்னா ரேஸ் காரா? ஜி.எஸ்.டி. ரோட்டுல அதை வச்சி என்ன பண்றது?" என்றார். நல்ல கேள்வி. விளம்பரத் தாளைப் படித்துக் காட்டினால் இதற்குப் பதில் வராது.

முதலில் விவரங்கள். 2020 டர்போவில் இருப்பது மூன்று சிலிண்டர், 998 சி.சி. எஞ்சின். 6000 ஆர்.பி.எம்.இல் 120 குதிரைத்திறன். 1500 முதல் 4000 வரை 172 நியூட்டன் மீட்டர் டார்க். 2023 டர்போவில் நான்கு சிலிண்டர், 1482 சி.சி. 5500 ஆர்.பி.எம்.இல் 160 குதிரைத்திறன். 1500 முதல் 3500 வரை 253 நியூட்டன் மீட்டர். இரண்டிலும் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது.

கடையில் எல்லாரும் 160, 120 என்று அந்த இரண்டு எண்ணை மட்டும்தான் பேசுகிறார்கள். ஆனால் 5500 வரை எஞ்சினை விரட்டுகிறவர் எத்தனை பேர்? அப்பா 2500ஐத் தாண்டினாலே வண்டி கத்துகிறது என்பார். ஆகவே நம் பாடத்தில் வருகிற சூத்திரத்தையே எடுப்போம். பவர் (வாட்) = 2 × பை × ஆர்.பி.எம். × டார்க் ÷ 60. ஒரு குதிரைத்திறன் 735.5 வாட்.

1500 ஆர்.பி.எம்.இல் பழைய எஞ்சின் தருவது 27 கிலோவாட், அதாவது சுமார் 37 குதிரை. புதியது 39.7 கிலோவாட், 54 குதிரை. உச்சத்தில் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு. கீழே, நாம் தினமும் ஓட்டுகிற இடத்தில், கிட்டத்தட்ட பாதி. நண்பர்களே, மாற்றம் தெரியப்போவது இங்கேதான்.

அப்படியானால் புது எஞ்சின் ரொம்பக் கெட்டிக்கார எஞ்சினா? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். டார்க்கை லிட்டரால் வகுத்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. பழையது லிட்டருக்கு 172, புதியது லிட்டருக்கு 171. சராசரி பயனுறு அழுத்தம் (பி.எம்.இ.பி.) போட்டுப் பார்த்தாலும் அதே கதை. நான்கு வீச்சு எஞ்சினுக்கு 4 × பை × டார்க் ÷ கொள்ளளவு. பழையதற்கு 21.7 பார், புதியதற்கு 21.5 பார். ஆக, சிலிண்டருக்குள் பிஸ்டனை அழுத்துகிற சராசரி அழுத்தம் ஒன்றேதான். கூடுதலாக வந்தது அரை லிட்டர் இடமும் ஒரு சிலிண்டரும். உச்சத் திறனிலோ புதியது லிட்டருக்கு 108 குதிரைதான், பழையது 120. சின்ன எஞ்சின்தான் அதிகமாக உழைக்கிறது! இந்த ஒரு கணக்குக்காகவே கட்டுரை எழுதலாம் என்று தோன்றியது.

இனி அப்பாவின் கேள்வி. ஆளோடு சேர்த்து வண்டி 1400 கிலோ என்றும், உருளல் உராய்வுக் குணகம் 0.012 என்றும், காற்றுத் தடைக் குணகத்தையும் முன்பரப்பையும் பெருக்கினால் 0.65 என்றும் வைத்துக்கொள்வோம். சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் உராய்வு 165 நியூட்டன், காற்று 192 நியூட்டன். மொத்தம் 357. இதை வேகத்தால் (22.2 மீட்டர்/வினாடி) பெருக்கினால் 7.9 கிலோவாட். வெறும் 11 குதிரை! பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை போக மீதிக் குதிரைகள் லாயத்தில் படுத்துத் தூங்கலாம்.

எழுந்து வரவேண்டியது லாரியை முந்தும்போது. 60இலிருந்து 100 கிலோமீட்டருக்கு வர இயக்க ஆற்றல் 346 கிலோஜூல் கூட வேண்டும். சராசரியாக 40 கிலோவாட் உபரியாக இருந்தால் 8.6 வினாடி. 60 கிலோவாட் இருந்தால் 5.8 வினாடி. கிட்டத்தட்ட மூன்று வினாடி மிச்சம். அந்த மூன்று வினாடியில் எதிரே வருகிற பஸ் எவ்வளவு தூரம் வந்துவிடும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். டபுள் ரோட்டில் இது பெரிதாகத் தெரியாது. படப்பை, வாலாஜாபாத் பக்கம் பழைய ஒற்றை ரோட்டில் ஓட்டியவருக்குத் தெரியும்.

கியர் பெட்டி பற்றி ஒரு வார்த்தை. 2020 டர்போ ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில் மட்டும் வந்தது. 2023இல் ஆறு கியர் மேனுவலும் உண்டு. இரட்டைக் கிளட்ச் சுகம்தான், அப்பாவின் இடது முழங்காலுக்குக் கேட்டால் அதுவே போதும் என்று சொல்லும். ஆனால் அது எண்ணெயில் முங்காத உலர் கிளட்ச். பெருங்களத்தூர் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உராய்ந்து சூடாகும். முன் வண்டி கொஞ்சம் நகர்ந்த பிறகு ஒரேயடியாகப் போவது நல்லது. பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கக்கூடாது, பிரேக்தான்.

புதிய மாடல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதாகவே வந்தது. எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால் எந்த வண்டியிலும் மைலேஜ் கொஞ்சம் குறையும். பழைய வண்டியில் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் சர்வீஸின்போது கவனித்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பில் 2023 மாடலுக்கு அதே வருஷம் அக்டோபரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. என்னைக் கேட்டால் 40 குதிரையைவிட இது பெரிய விஷயம்.

பணம்? புது வண்டியாக எடுத்தால் தமிழ்நாட்டில் ஆயுள் வரி மறுபடியும் கட்டவேண்டும். 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் விலையுள்ள காருக்கு 18 சதவீதம். 15 லட்சம் என்றால் வரி மட்டும் 2,70,000. எங்கள் தெருவில் சிலருக்கு அது இரண்டு வருஷச் சம்பளம். நாலு மீட்டருக்கு மேல் நீளம் என்பதால் முன்பு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 45 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆயிற்று. இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமல்ல, ஓனருக்குச் சொந்தம். 50 சதவீதம் வரை இருக்கும் அதைப் புது பாலிசிக்கு மாற்றிக்கொள்ளலாம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் மாற வேண்டியதில்லை. மாதம் நாலு தடவை திண்டிவனம், விழுப்புரம் போகிறவர் மாறலாம், ஆனால் ஏற்கெனவே ஆயுள் வரி கட்டிய, ஒரே கை ஓடிய 2023 வண்டியாகப் பார்த்து.

அங்கேதான் ஒரு ஆபத்து. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன! நம் 1482 சி.சி.யில் ஒரு சிலிண்டருக்கு 370 சி.சி. அமுக்க விகிதம் சுமார் 10 என்று வைத்தால், பிஸ்டன் மேலே வந்தபின் மிஞ்சுகிற இடம் 370 ÷ 9 = 41 சி.சி. டீ கிளாஸில் பாதி கூட இல்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அவ்வளவு தண்ணீர் உள்ளே போன நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். லேசாக வளைந்த ராடோடு வண்டி சில மாதம் ஓடவும் செய்யும், அதற்குள் கை மாறிவிடும்.

எனவே பார்க்கப் போகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து அடியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் தண்டவாளத் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், கார்பெட்டுக்கு அடியில் உள்ள ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு, இவை பாலிஷ் போட்டாலும் போகாது. சர்வீஸ் ரிக்கார்டில் 2023 டிசம்பருக்கும் 2024 பிப்ரவரிக்கும் நடுவே என்ன வேலை நடந்திருக்கிறது என்று கேளுங்கள். நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் குறைவாகக் காட்டினால், விலை எவ்வளவு குறைத்தாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.