காலா கில்லாவிலிருந்து தொடங்கு

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய புராஜெக்ட் பட்டியலைப் பார்த்தேன். 'மும்பையின் பழைய கட்டடங்கள்' என்று தலைப்பு, கீழே சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன், கேட்வே, தாஜ் ஹோட்டல், ஹைகோர்ட். ஒன்றும் தப்பில்லை. ஆனால் உன் வகுப்பில் எல்லாரும் இந்த நாலைத்தான் எழுதுவார்கள். நீ பிறந்தது தாராவி, டியூஷனுக்குப் போவது மாட்டுங்கா, லீவு விட்டால் வருவது செம்பூர். இந்த மூன்றையும் விட்டுவிட்டு ஃபோர்ட் பக்கம் ஏன் ஓட வேண்டும்? "நம்ம ஏரியாவுல என்ன மாமா இருக்கு?" என்று கேட்டிருந்தாய். பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படி.

காலா கில்லா பஸ் டிப்போவை உனக்குத் தெரியும். அந்தப் பெயருக்குக் காரணமான கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது. கறுத்த கல்லில் கட்டிய சின்னக் கோட்டை, சுற்றிலும் வீடுகள் நெருங்கிவிட்டன. அதில் பதித்த கல், கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் 1737-இல் கட்டியது என்று சொல்கிறது. சில புத்தகங்களோ அதற்கு அறுபது வருஷத்துக்கு முன்னால் இருந்த கவர்னர் ஜெரால்டு ஆஞ்ஜியர் கட்டினார் என்கின்றன. எது சரி என்று உடனே முடிவு கட்டிவிடாதே. 1737-இல் என்ன நடந்தது என்று முதலில் பார். அந்த வருஷம்தான் மராட்டியர்கள் தாணேயைப் போர்த்துக்கீசியர்களிடமிருந்து பிடித்தார்கள், இரண்டு வருஷத்தில் வசாய் கோட்டையும் விழுந்தது. மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த இங்கிலீஷ்காரனுக்கு நடுக்கம். அந்த நடுக்கத்தில் எழுந்த கல் அது. முன்னாலேயே ஏதாவது காவல் சுவர் இருந்து, அதை இவன் பலப்படுத்தியும் இருக்கலாம். எந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்தாலும் யார் கட்டினார் என்று கேட்பதற்கு முன் இது யாருக்கு எதற்காகத் தேவைப்பட்டது என்று கேள். அதற்குப் பதில் கிடைத்தால் மற்றது தானாக வரும்.

அதே கேள்வியோடு படீ மஸ்ஜிதுக்குப் போ. தாராவியின் முதல் பள்ளிவாசல், 1887. நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் தாராவியில் கால் ஊன்றிய காலம் அது. மாட்டுத்தோல், சுண்ணாம்பு, நாற்றம் எல்லாம் நகரத்துக்கு வேண்டும், ஆனால் நகரத்துக்குள் வேண்டாம். ஆகவே அந்தத் தொழிலைச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்குத் தள்ளினார்கள், தொழிலோடு ஜனங்களும் வந்தார்கள். கணேசர் கோயில் 1913. அதன் கதையைத் தாராவித் தமிழர்களுடைய ஆதி திராவிட மகாஜன சங்கத்தின் கதையிலிருந்து பிரிக்க முடியாது. சொந்த ஊரில் கோயிலுக்குள் விடாத ஜனங்கள் இங்கே வந்து தங்களுக்கென்று ஒரு கோயில் வைத்துக்கொண்டார்கள் என்றால் அதன் அர்த்தம் உனக்கு விளங்கும். தமிழ்நாட்டில் கோயில் நுழைவுச் சட்டம் வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது. கோபுரத்தின் உயரத்தை அளந்து இந்தக் கோயிலுக்கு மார்க் போடுகிறவனுக்குக் கட்டடம் பார்க்கத் தெரியாது என்பேன்.

தாராவிக் கோளிவாடா இதற்கெல்லாம் மூத்தது. 1909-இல் வந்த பம்பாய் கெஜட்டியரே அதைப் பெரிய மீனவர் குடியிருப்புகளில் ஒன்றாகக் குறிக்கிறது. கும்பார்வாடாவையும் பார்த்துவிடு. சௌராஷ்டிரக் குயவர்களை நகரத்தின் தெற்கிலிருந்து தள்ளித் தள்ளிக் கடைசியில் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வீட்டு வாசலில் சூளை, உள்ளே சமையல், மாடியில் படுக்கை. வேலையும் குடித்தனமும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கிற இந்த வீட்டமைப்பை நான் தாஜுக்கு முன்னால் எழுதுவேன்.

இனி மாட்டுங்கா. இங்கேதான் நீ அளக்கிற வேலை செய்ய வேண்டும். 1896-இல் பம்பாயில் பிளேக் வந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கம்தான் காரணம் என்று அரசாங்கம் முடிவுசெய்து 1898-இல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஒன்றை அமைத்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கமெல்லாம் அது கோடு போட்டுப் பிரித்த நிலம்தான். நீ டியூஷன் விட்டுப் பாவ் பாஜி தின்னும் ஃபைவ் கார்டன்ஸும் அந்தத் திட்டத்திலிருந்து வந்தது. டிரஸ்டின் தலைவராக இருந்த ஓர் என்பவர் அறுபத்து மூன்றரை டிகிரி என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். சுவரின் அடியிலிருந்து அந்தக் கோணத்தில் ஒரு கோடு இழுத்தால், எதிர்க் கட்டடம் அந்தக் கோட்டுக்கு மேல் எழும்பக் கூடாது. அப்போதுதான் கீழ் வீட்டு ஜன்னலுக்கும் வானம் தெரியும். நீ இந்த வருஷம் படிக்கிற டிரிகோனோமெட்ரியை இங்கே போட்டுப் பார். அந்தக் கோணத்தின் டேன் மதிப்பு ஏறக்குறைய 2. அதாவது இரண்டு சுவருக்கு நடுவே பத்தடி இருந்தால் உயரம் இருபதடிதான். மாட்டுங்காவின் பழைய தெரு ஒன்றில் நின்று பார், பிறகு உங்கள் சந்துக்கு வந்து பார். பழைய மாட்டுங்காவுக்குக் கிடைத்த வானம் உங்கள் சந்துக்கு ஏன் கிடைக்கவில்லை என்று புராஜெக்டில் ஒரு பாரா எழுது. டீச்சர் என்ன மார்க் போடுவாரோ, நான் நூறு போடுவேன்.

அந்த மனைகளில்தான் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த குமாஸ்தாக்களும் ஸ்டெனோக்களும் குடியேறினார்கள். ஆஸ்திக சமாஜம் 1923, பஜனை சமாஜம் 1927, எஸ்.ஐ.இ.எஸ். கல்விச் சங்கம் 1932. வரிசையைக் கவனி. முதலில் சாமி, பிறகு பாட்டு, பிறகு பள்ளிக்கூடம். மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்பதற்குப் பள்ளிக்கூடத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள கட்டடங்களில் பால்கனி மூலை வளைந்திருக்கும், ஜன்னலுக்கு மேல் நீளப் பட்டையாக சன்ஷேடு ஓடும், கட்டடத்தின் பெயர் சிமென்டில் புடைத்திருக்கும். முப்பது நாற்பதுகளில் வந்த ஆர்ட் டெக்கோ அது. மரைன் டிரைவில் இருக்கிற இதே பாணிக்கு 2018-இல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டியலின் எல்லை மாட்டுங்கா வரை நீளவில்லை.

ஒரு எச்சரிக்கை. சங்கம் தொடங்கிய வருஷமும் சுவர் எழுந்த வருஷமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஷண்முகானந்தா சபை 1952-இல் தொடங்கியது, அரங்கம் திறந்தது 1963-இல். 1990-இல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி எழுப்பினார்கள். உன் பாட்டி எம்.எஸ். கச்சேரி கேட்டேன் என்று சொல்கிற மண்டபமும் நீ ஸ்கூல் டான்ஸுக்குப் போன மண்டபமும் ஒன்றா இரண்டா? மூன்று வருஷத்தையும் எழுது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் வயது வெறும் பெருமைக்கானது அல்ல, சட்டத்தில் அதற்கு விலை உண்டு. மாட்டுங்காவில் பகடி வீடுகளில், அதாவது முன்பணம் கொடுத்துப் பிடித்த பழைய வாடகை வீடுகளில், இருப்பவர்களைக் கேள். 1947 வாடகைச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் 1 நிலவரத்தில் கட்டிப்போட்டது. வாடகை ஏறாததால் வீட்டுக்காரர் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கிய பிறகு, 1969-இல் செஸ் வரி வாங்கி அரசே பழுதுபார்க்கச் சட்டம் வந்தது. அதிலும் 1940 செப்டம்பருக்கு முந்தியது 'ஏ' வகை, 1950 வரை 'பி', 1969 செப்டம்பர் வரை 'சி'. அந்த வகையைப் பொறுத்துத்தான் இடித்துக் கட்டும்போது யாருக்கு எவ்வளவு என்ற பேச்சே. வளைந்த பால்கனிகள் ஒவ்வொன்றாகப் போய் டவர் எழும்புவது இப்படித்தான். மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதி வந்துவிட்டது. ஆனால் பட்டியலில் பெயர் ஏறுகிறது என்றாலே குடியிருப்பவர்கள் பயப்படுகிறார்கள். ஒழுகுகிற கூரைக்குக் கீழ் இருப்பவரிடம் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் பழுதுபார்க்கப் பணமும் கொண்டுவரட்டும், பிறகு கேட்கலாம்.

தாராவியில் இந்த வயதுக் கணக்கு இன்னும் கூர்மை. மறுகட்டுமானத் திட்டத்தில் தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்னாலிருந்தே குடியிருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு என்கிறார்கள். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் வேறு விதி. உங்கள் வீட்டில் 1976 கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸை உன் ஆச்சி ஏன் நகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள் என்று இப்போது தெரிகிறதா? காலா கில்லாவின் வயதைக் கல் சொல்கிறது. உங்கள் கோலியின், அதாவது ஒற்றை அறை வீட்டின், வயதை அந்தப் பாஸும் ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும்தான் சொல்கின்றன.

செம்பூருக்குச் சுருக்கமாக ஒன்று. 1948-இல் ராஜ் கபூர் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ 2017-இல் எரிந்தது, பிறகு விற்றார்கள், இப்போது அந்த இடத்தில் அடுக்கு வீடு. இல்லாமல் போனவற்றுக்கும் பட்டியலில் ஒரு பக்கம் ஒதுக்கு.

எழுதும் முறை இது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கம். தெரு, யாருக்காகக் கட்டியது, சுவரும் தரையும் கூரையும் என்ன பொருள், பிறகு என்னென்ன மாறியது, வருஷத்தை யார் சொன்னார் அல்லது எதில் பார்த்தாய். ஒருவர் சொன்ன வருஷத்தையும் கல்லில் கண்ட வருஷத்தையும் தனித்தனியாக எழுது, கலக்காதே. தாராவியில் மறுகட்டுமானத்துக்காக வீடு வீடாக சர்வே எடுத்திருக்கிறார்கள், ஃபோனும் டேப்புமாக ஒரு வாசலில் நின்றால் எந்தக் கம்பெனி ஆள் என்று சந்தேகப்படுவார்கள். முதலில் உள்ளே கேட்டுவிட்டுப் படம் எடு. யாருடைய காகிதத்தையும் படம் எடுக்காதே, காட்டினாலும் எடுக்காதே. உங்கள் சாலில் (வரிசை வீட்டில்) ஆரம்பித்தால் கஷ்டமில்லை, ஆச்சியே பாதி சொல்லிவிடுவாள். அளக்கிற டேப் என்னிடம் முப்பது மீட்டரில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அம்மா வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

உன் மாமா,
செம்பூர்