பேட்டர்ன் வெட்டும் கைக்கு ஒரு விண்கப்பல்

கேள்வி: ஐயா, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சேர்ந்து ‘டிராவலர்’ என்ற விண்வெளிக் கதாபாத்திர விளையாட்டை ஆடுகிறோம். அதற்காக 200 டன் சரக்குக் கப்பல் ஒன்றை வரைந்தேன். வெளித்தோற்றம் அழகாக வந்தது, உள்ளே அறைகள்தான் அடங்கவில்லை. வளைந்த உடலை அட்டையில் கொண்டுவருவதும் தெரியவில்லை. முப்பரிமாண பிரிண்டர் எங்களிடம் இல்லை.
— வாசகர், ஆம்பூர்

பதில்: வெளியிலிருந்து தொடங்கியதுதான் சிக்கல். லாஸ்ட் என்கிற கால் அச்சு இல்லாமல் யாரும் ஷூவின் மேல்பாகமான அப்பரை வெட்டுவதில்லையே! கப்பலுக்கு லாஸ்ட் அதன் உள்ளறைகள்.

1977-இல் மார்க் மில்லர் உருவாக்கிய டிராவலரில் டன் என்பது எடையல்ல, இடம். ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைத்துக்கொள்ளும் சுமார் 14 கன மீட்டர்தான் கணக்கு. 1.5 மீட்டர் பக்கமுள்ள கட்டம், 3 மீட்டர் உயரம் என்றால் இரண்டு கட்டம் ஏறக்குறைய ஒரு டன். ஆக உங்கள் கப்பலுக்கு 400 கட்டங்கள். விண்மீன் விட்டு விண்மீன் போகும் முதல் நிலைத் தாவலுக்கான திரவ ஹைட்ரஜன் எரிபொருளே பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். 40 கட்டங்கள் போயிற்று. மிச்சத்தில்தான் எஞ்சின், சரக்கறை, படுக்கை எல்லாம். ஒவ்வொன்றையும் கட்டத்தாளில் வெட்டி, நகர்த்தி நகர்த்தி அடுக்குங்கள். பிறகு சுற்றிலும் கோடு இழுங்கள்.

எரிபொருளுக்கு இவ்வளவு இடமா என்று தோன்றலாம். மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் கிரையோஜெனிக் எஞ்சினும் திரவ ஹைட்ரஜனில்தான் ஓடுகிறது. அதை எரிக்கக் கூடவே கொண்டுபோகும் ஆக்சிஜன் எடையில் அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. ஆனாலும் பெரிய தொட்டி ஹைட்ரஜனுக்குத்தான், அத்தனை லேசு அது. உங்கள் கப்பலுக்கும் தாராளமான வயிறு கொடுங்கள், நம்பும்படி இருக்கும்.

போகுமிடத்தையும் முடிவுசெய்யுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே, ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்திலிருந்து 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, 4130 ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். அங்கே காற்றே கிடையாது. அந்த மாதிரி இடங்களுக்கு மட்டும் போகிற கப்பலுக்கு இறக்கையும் கூர்மூக்கும் எதற்கு? கோளில் இறங்க வேண்டுமென்றால்தான் அவை.

மாதிரியை இரண்டாகவே செய்யுங்கள். ஆடுவதற்கான தளம் ஓர் அங்குலத்துக்கு ஒரு கட்டம், கிட்டத்தட்ட 1:60, 28 மி.மீ. பொம்மைகள் பொருந்தும். அதே அளவில் உடலும் செய்தால் மேசை கொள்ளாது. உடலுக்கு 1:200 போதும், 40 மீட்டர் கப்பல் 20 செ.மீ. ஆகிவிடும்.

வளைந்த உடலுக்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. தெர்மகோலில் வடிவத்தைச் செதுக்குங்கள். லாஸ்ட் மேல் ஒட்டுவதுபோலவே மாஸ்கிங் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டி, நடுக்கோடு போட்டு, கீறி உரித்து, அட்டையில் தட்டையாகப் பரப்புங்கள். எழும்பி நிற்கும் இடத்தில் வெட்டுவிட்டு, ஓரத்தில் ஒட்டுக்கு இடம் சேருங்கள். இரு திசையிலும் வளைகிற குமிழ்களில் அட்டை மடிந்துபோகும். அங்கே மெல்லிய லைனிங் தோல் கட் பீஸை இழுத்து ஒட்டினால் சுருக்கமில்லாமல் உட்காரும், ஓரத்தைச் சீவிவிட்டால் இணைப்பும் தெரியாது. பிரிண்டர் வைத்திருப்பவருக்கு இந்தக் கைப்பழக்கம் கிடைக்காது, தயங்காமல் இறங்குங்கள்.

கம்பெனியில் புழங்கும் சொல்யூஷன் பசையைத் தெர்மகோலில் தடவாதீர்கள், கரைந்து குழி விழும். அங்கே ஃபெவிகால் போதும். தோலோடு தோல் ஒட்டச் சொல்யூஷன் எடுத்தால் ஜன்னலைத் திறந்துவையுங்கள். குரோம் பதனிட்ட தோல் துண்டுகளைச் சுட்டுக் கருக்கி ‘போர்த் தழும்பு’ காட்ட வேண்டாம். எரியும்போது நச்சு குரோமியம் உண்டாகலாம். கருப்புப் பெயின்ட்டை ஸ்பாஞ்சில் ஒற்றி எடுத்தாலே அந்தத் தழும்பு வந்துவிடும்.