ராஜினாமா கடிதத்தைக் கொடுக்கும் முன்...

ஊட்டி

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். மருந்து சாப்பிட ஆரம்பித்தும் குன்னூர் தேயிலை ஆபீசுக்குத் திரும்பப் போகப் பயமாக இருக்கிறது, ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அதைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடு.

மனச்சோர்வு வந்தால் தூக்கமும் பசியும் கெடும். கவனம் சிதறும், சின்ன முடிவெடுக்கக்கூடத் தெம்பிருக்காது. மாத்திரை இதையெல்லாம் மெல்லச் சரிசெய்யும். ஆனால் காலையில் எழுந்து குளித்து, பஸ் பிடித்து, நாலு பேர் முகம் பார்த்து, தப்பில்லாமல் கணக்கு எழுதும் பழக்கத்தைப் பயிற்சியால்தான் மீட்க வேண்டும். அதற்கென்றே படித்தவர்கள் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள். கை கால் முடங்கியவர்களுக்கு மட்டும்தான் அவர்கள் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் தொடங்கிவைத்த படிப்பு இது. மனநோயாளிகளை அன்றாட வேலைகளுக்குத் திருப்புவதும் இவர்களுடைய பணிதான்.

முதலில் ஒரு வாரம் மணிவாரியாக எழுதச் சொல்வார்கள்: என்ன செய்தாய், எப்போது தெம்பிருந்தது, எப்போது துவண்டாய் என்று. பிறகு உன் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பார்கள். இன்வாய்ஸ் போடுவது உனக்கு எளிது, பையர்களிடம் போனில் பேசுவது கடினம் என்றால், திரும்பும் முதல் வாரங்களில் இன்வாய்ஸ் மட்டும். அதுவும் அரை நாள். தேயிலை ஏலம் நடக்கும் வியாழனும் வெள்ளியும் உனக்கு விடுப்பு. நீ தாங்குவதைப் பார்த்துப் பார்த்து நேரத்தைக் கூட்டுவார்கள். மேனேஜரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று உன்னோடு பேசிப் பழக்குவார்கள். நீ சம்மதித்தால் அவரிடம் தாங்களே பேசுவார்கள். படுக்கும் நேரம், மூடுபனி இறங்கும் முன் வெயிலில் ஒரு நடை என வீட்டு நாளையும் ஒழுங்குபடுத்துவார்கள்.

ஆம்ஸ்டர்டாமில் இதைச் சோதித்துப் பார்த்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை தொடர்பான மனச்சோர்வால் விடுப்பில் இருந்த 62 பேரில், வழக்கமான சிகிச்சையோடு இதையும் பெற்றவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள். அதனால் அவர்களுக்கு வேலை அழுத்தம் கூடவில்லை. ஆனால் நோய் தணிவதில் இரு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இதை நம்பி மருந்தை நிறுத்திவிடாதே. இரண்டும் சேர்ந்தே நடக்கட்டும்.

கவாத்து வெட்டிய தேயிலைச் செடியில் யாரும் உடனே கூடை நிறையக் கொழுந்து பறிப்பதில்லை. துளிர் ஓர் உயரத்துக்கு வந்ததும் அளவாகக் கிள்ளி, மட்டம் கட்டிய பிறகுதான் முழுப் பறிப்பு. உனக்கும் அந்த அவகாசம் வேண்டும். முதல் நாளே பழைய வேகம் வரவில்லையே என்று உன்னை நீயே திட்டாதே.

ஆபீசில் எல்லாருக்கும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சாதே. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உன் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உனக்குத் தந்திருக்கிறது. மேனேஜரிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "சிகிச்சையில் இருக்கிறேன், கொஞ்ச நாள் இப்படி வேலை செய்ய அனுமதியுங்கள்" என்று கேட்டால் போதும்.

ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வா, நானும் உடன் வருகிறேன். மனநல மருத்துவரிடம் ஆக்குபேஷனல் தெரபி வேண்டும் என்று நீயே கேள். இங்கே அமையாவிட்டால் கோயம்புத்தூருக்கு இறங்குவோம். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் வரை போக வேண்டியிருந்தாலும் போவோம்.

இரவில் வாழவே வேண்டாம் என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்காதே. அம்மாவை எழுப்பு. 14416-க்குப் போன் செய். அது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்; எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வேலையை விடுவதா வேண்டாமா என்பதை உடம்பும் மனமும் தேறிய பிறகு முடிவு செய். இந்த வாரம் மருத்துவரைப் பார்ப்பது ஒன்றே உன் வேலை.

உன்
பெரியம்மா