முன்தோல்: இழுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம்

பேரன் பிறந்த மறுநாள் நியூ ஜெர்சியிலிருந்து தோழி வாட்ஸப்பில் கூப்பிட்டாள். "நர்ஸ் ஒரு ஃபாரத்தை நீட்டுறா. பையனுக்குச் சுன்னத்து பண்ணணுமான்னு கேக்குறா. மாப்பிள்ளை பேனாவை எடுத்துட்டார். ஆஸ்பத்திரியிலயே கேக்குறாங்கன்னா அவசியமாத்தானடி இருக்கும்?"

நம்பிக்கை: பிறந்த ஆண் குழந்தை எல்லாவற்றுக்கும் இது மருத்துவத் தேவை. அமெரிக்காவிலேயே செய்கிறார்களே!

உண்மை: அங்கே இது பரவிய கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். 1870இல் லூயிஸ் சேயர் என்ற நியூயார்க் மருத்துவர், முன்தோலை நீக்கினால் முடங்கிய கால் சரியாகும் என்று எழுதினார். கார்ன்ஃப்ளேக்ஸ் புகழ் கெல்லாக், சிறுவர்களின் சுய இன்பத்தை நிறுத்த இதைச் சிபாரிசு செய்தார். அந்தக் காரணங்கள் காலாவதியாகிவிட்டன, பழக்கம் தங்கிவிட்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2012இல் சொன்னது: ஆபத்தைவிட நன்மை அதிகம்தான், ஆனால் எல்லாக் குழந்தைக்கும் செய்யுங்கள் என்று சொல்லுமளவுக்கு இல்லை. கனடாவின் அமைப்பும் 2015இல், வழக்கமாகச் செய்யப் பரிந்துரைக்கவில்லை என்றது.

மார்க்கக் கடமையாகச் செய்பவர்களின் விஷயம் வேறு. அதில் தலையிட இந்தப் பத்திக்கு வேலையில்லை.

நம்பிக்கை: தோல் பின்னுக்குப் போகாவிட்டால் அது நோய்.

உண்மை: நம்மூரில் அதிகம் பயமுறுத்துவது இதுதான். குளிப்பாட்டுகிற பாட்டி எண்ணெய் தொட்டு தினமும் இழுத்துவிடுவார். பிறக்கும்போது முன்தோல் உள்ளே இருக்கும் மொட்டோடு, நகம் சதையோடு இருப்பதுபோல், ஒட்டியே இருக்கும். அது தானாகப் பிரிய வருடங்கள் ஆகும். டென்மார்க் பள்ளிச் சிறுவர்களைப் பார்த்து யாக்கோப் ஊஸ்டர் 1968இல் எழுதிய கணக்கில், 6-7 வயதில் இறுக்கம் இருந்தவர்கள் 100க்கு 8 பேர். 16-17 வயதில் ஒருவர்தான். இழுத்தால் தோல் வெடித்து, ரத்தம் கசிந்து, ஆறும்போது தழும்பாகும். இல்லாத இறுக்கத்தை நாமே உண்டாக்கிவிடுவோம். தோலுக்கடியில் வெள்ளையாகத் திரளுவது சீழ் அல்ல, உதிர்ந்த தோல்தான். மூத்திரம் போகும்போது நுனி பலூன்போல உப்பி வடிந்தால் கவலை வேண்டாம். முக்கி அழுது, சொட்டுச் சொட்டாகப் போனால் டாக்டரிடம் காட்டுங்கள்.

நுனி வெளுத்துத் தடித்துத் தழும்பேறியிருந்தால், அடிக்கடி வீங்கிச் சீழ் வைத்தால், ஆபரேஷன் தேவைப்படலாம். சாதாரண இறுக்கத்துக்கு முதலில் சில வாரம் ஸ்டீராய்டு களிம்பு. பல பையன்களுக்கு அதுவே போதும். பின்னுக்குப் போன தோல் திரும்பி வராமல் சிக்கி வீங்கினால் மட்டும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நம்பிக்கை: செய்துவிட்டால் கிருமியும் வராது, எய்ட்ஸும் வராது.

உண்மை: பாதி சரி. சிறுநீர்த் தொற்று குறைகிறது. ஆனால் அந்தத் தொற்று வருவதே 100 ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்குத்தான். ஒன்றைத் தடுக்க நூறு பேருக்குக் கத்தி வைக்க வேண்டும். பிறவியிலேயே சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தை என்றால் கணக்கு மாறும். எய்ட்ஸ் கிருமி பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது சுமார் 60 சதவீதம் குறைவதைக் காட்டிய ஆய்வுகள் தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில், வளர்ந்த ஆண்களிடம் நடந்தவை. அவர்களுக்கும் ஆணுறை வேண்டும். தொட்டில் குழந்தைக்கு அதில் என்ன அவசரம்?

நம்பிக்கை: பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது.

உண்மை: தெரியும். யார், எதற்காகச் செய்தாலும் மரத்துப்போகும் ஊசி போட்டே செய்ய வேண்டும்.

இன்னொன்று. மூத்திரத் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் அந்தத் தோலைத் தொடவே கூடாது. பின்னால் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு அதுதான் துணி. குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தோழியின் மாப்பிள்ளை கையெழுத்துப் போடவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி அவளிடமிருந்து அழைப்பு. "இங்க நாந்தான் குளிப்பாட்டுறேன். லேசா தேங்காயெண்ணெய் தொட்டு இழுத்துவிடட்டுமா?"