கொட்டிற் கழிவுநீரைத் திருத்தும் மரச்சீவற் குழி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் உள்ளது வெடிப்புக்களும் துவாரங்களும் நிறைந்த சுண்ணக்கல். ஆதலால் நிலத்தில் ஊற்றப்படும் நீர் விரைவிற் கீழிறங்கிக் கிணற்று நீருடன் கலக்கின்றது. தோட்டத்துக்கு மிகையாக இடும் யூரியாவும், மாட்டுக்கொட்டிலிற் கழுவிவிடும் சாணமும் சலமும் நைத்திரேற்றாக மாறி இவ்வாறே கிணற்றைச் சேருகின்றன.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிஞ்சிய நீரிற் கரைத்த புட்டிப்பாலை உண்ணும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைப்பதால் நைத்திரேற்று அகலாது. நீர் வற்றுந்தோறும் அதன் செறிவு கூடும். ஆகவே, கழிவுநீர் நிலத்தில் இறங்குமுன் அதனைத் திருத்துதல் வேண்டும்.

திருத்தம் நிகழும் விதம்

இவ்வேலையைச் செய்பவை பற்றீரியாக்கள். ஒரு வகை, காற்றுள்ள இடத்தில் அமோனியாவை நைத்திரேற்றாக்கும். மற்றொரு வகை, காற்றில்லா நீரில் மரத்தின் காபனை உணவாகக் கொண்டு, நைத்திரேற்றைத் தீங்கற்ற நைதரசன் வாயுவாக்கும். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் வயல் வடிகால்நீரை மரச்சீவல் நிரப்பிய அகழிகளினூடே செலுத்துவது இதன்பொருட்டே.

அமைக்கும் முறை

1. சாணத்தை முதலில் வழித்தெடுத்துக் கூட்டெருக் குவியலிற் சேர்க்க.

2. அடியில் துளையிட்ட பீப்பாயில் உடைந்த ஓடு, செங்கற்றுண்டுகளை நிரப்பி, கழிவுநீரை அதனூடே சிறிது சிறிதாக வடியவிடுக. பீப்பாயில் நீர் தேங்கலாகாது.

3. வடியும் நீரைக் குழியினுள் விடுக. நாளொன்றுக்கு 100 லீற்றர் நீருக்கு 2 மீற்றர் நீளம், அரை மீற்றர் அகலம், 40 சென்ரிமீற்றர் ஆழம் போதும். அடியையும் பக்கங்களையும் சீமெந்தினாற் பூசுக. மரக்காலையில் எறியப்படும் பெருவிரற் பருமனான சீவல்களால் நிரப்புக. நீர் ஒரு முனையிற் புகுந்து, மறுமுனையின் மேல்மட்டத்தில் வெளியேறவேண்டும். குழியின் பாதியளவு நீர் கொள்ளுமாதலால், நீர் 2 நாட்கள் தங்கும்.

கவனிக்கவேண்டியவை

நிறம் பூசிய பலகையும் மருந்தூட்டிய பலகையும் ஆகா. மரத்தூள் அடைத்துக்கொள்ளும். முதற் சில வாரங்களிற் கபிலநிற நீர் வடியும். அதனைத் தென்னையின் அடியில் விடுக. சீவல்கள் உக்கித் தாழுந்தோறும் புதியன சேர்க்க. மழைநீர் குழியினுட் புகாதிருக்க வரம்பு கட்டுக.

திருந்திய நீரிலும் நோய்க்கிருமிகள் இருக்கும், அது குடிப்பதற்கன்று. புல்லுக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம், கீரைக்குத் தெளிக்கலாகாது.

இக்குழி கொட்டிலின் நீரை மட்டுமே திருத்தும். தோட்டத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றைக் குறைப்பதற்கு, பசளையைச் சிபார்சு செய்த அளவிற் பகுதி பகுதியாக இடுதலும் நீரை அளவோடு இறைத்தலும் வேண்டும். உமது கிணறும் அயலவர் கிணறும் ஒரே நிலத்தடி நீரையே பகிர்கின்றன என்பதைக் கமக்காரர் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்வாராக.